கற்ற வழியும் பெற்ற வழியும்

கோடை முடிந்து மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கும் வேளையில் கனடாவிலிருந்து இரண்டு உயிரினங்கள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒன்று, நிமிர்ந்து நின்றால் ஐந்து அடி உயரமுள்ள வெண்ணிறப் பறவை. மற்றொன்று, அரைக் கிராம் எடையே கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி. இரண்டும் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறக்கின்றன. இரண்டும் குளிர்காலத்தைக் கழிப்பதற்கு மிகச் சிறிய நிலப்பரப்பு ஒன்றையே நம்பியிருக்கின்றன. இரண்டும் அழியும் ஆபத்திலுள்ளவை என்று கனடாவின் சட்டப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இத்தனை ஒற்றுமை இருந்தும், அவை தம் வழியை அறியும் முறை ஒன்றுக்கொன்று நேர்மாறானது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், ஒன்றைக் காப்பாற்றிய முறை மற்றொன்றுக்கு ஏன் போதவில்லை என்பதும் விளங்கும்.

பறவையின் ஆங்கிலப் பெயர் 'ஹூப்பிங் கிரேன்'. தமிழில் கூவும் கொக்கு எனலாம். மார்பெலும்பினுள் சுருண்டு கிடக்கும் நீண்ட மூச்சுக்குழலிலிருந்து எழும் அதன் குரல் வெகுதொலைவு கேட்கும். பெயருக்குக் காரணம் அதுவே. ஊரில் குளக்கரையிலும் வயல் வரம்பிலும் ஒற்றைக் காலில் தவம் செய்ய நாம் கண்ட கொக்கு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பறவைகளுள் மிக உயரமானது இக்கூவும் கொக்கு. உடல் முழுதும் வெண்மை, சிறகு நுனிகள் கருமை, உச்சியில் சிவப்பு. சோடி சேர்ந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் பிரியாது. ஆண்டுக்கு இரண்டு முட்டைகள் இடும். அவற்றுள் ஒரு குஞ்சு பிழைத்தாலே பெரிது.

இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவைக்குத் துப்பாக்கியும் கலப்பையும் ஒருங்கே பகையாயின. வேட்டையாடினர்; அது கூடு கட்டிய சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கினர். 1941ஆம் ஆண்டில் இயற்கையில் எஞ்சியிருந்தவை 21 அல்லது 22 மட்டுமே. அவற்றுள் ஒரு சிறு கூட்டம் லூசியானாவில் இடம்பெயராது வாழ்ந்தது. 1940இல் வீசிய புயலும் அதன்பின் வந்த வெள்ளமும் அக்கூட்டத்தைச் சிதைத்தன. 1950இல் அங்கிருந்து கடைசிப் பறவையும் பிடித்து அகற்றப்பட்டது. எஞ்சியவை, ரெக்சாஸ் மாநிலத்தின் அரன்சாஸ் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழித்த பதினைந்து பதினாறு பறவைகள். கோடையில் அவை எங்கே செல்கின்றன என்பதுகூட அப்போது எவருக்கும் தெரியாது. 1954ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அல்பேர்ட்டாவும் வடமேற்குப் பிரதேசமும் சந்திக்கும் வூட் பபலோ தேசியப் பூங்காவில் காட்டுத்தீயைப் பார்வையிட்டுத் திரும்பிய ஹெலிகொப்டரிலிருந்தோர் கீழே சதுப்பு நிலத்தில் ஒரு குஞ்சுடன் வெண்பறவைகள் நிற்பதைக் கண்டனர். தேடியவர்களுக்குக் கிட்டாத கூடு, தீயணைக்கச் சென்றவர்களின் கண்ணில் பட்டது.

வண்ணத்துப்பூச்சியின் கோடைகால இருப்பிடத்தில் மறைபொருள் ஏதுமில்லை. அது நம் வீட்டுத் தோட்டத்திலேயே திரிவது. செம்மஞ்சள் சிறகில் கரிய நரம்புகளும் ஓரத்தில் வெண்புள்ளிகளும் உடைய 'மொனார்க்', அதாவது மன்னர் வண்ணத்துப்பூச்சி, 'மில்க்வீட்' என்னும் பாற்செடியில் மட்டுமே முட்டையிடும். புழு வேறெந்த இலையையும் உண்ணாது. கிள்ளினால் பால் வடியும் இச்செடி, பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்குக்கு உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊரில் எருக்கிலையைத் தின்று வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மன்னரின் இனத்ததே. செடியின் பாலிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலிற் சேர்த்துவைக்கும். பூச்சியான பின்னும் அது நீங்காது. ஒருமுறை இதனைக் கொத்தி உமிழ்ந்த பறவை மறுமுறை கிட்ட வராது என்பர்.

இப்பூச்சியைப் பொறுத்தவரை அறியப்படாதிருந்தது அதன் குளிர்கால இருப்பிடம். அதனைத் தேடியவர், இன்று நம் பிள்ளைகள் பலர் பயிலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் கற்பித்த பிரெட் அர்க்கார்ட். அவரும் துணைவியார் நோராவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தேடலில் ஈடுபட்டனர். சிறகில் ஒட்டக்கூடிய சிறு காகிதத் துண்டுகளைச் செய்து, எண் பொறித்து, கண்டெடுப்போர் ரொறன்ரோவுக்கு அனுப்புமாறு அச்சிட்டனர். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், அவர்களுள் பள்ளிச் சிறுவர்களும் பலர், பூச்சிகளைப் பிடித்து ஒட்டிப் பறக்கவிட்டனர். கிடைத்த துண்டுகளை வரைபடத்தில் குறித்தபோது கோடு ரெக்சாசைக் கடந்து மெக்சிக்கோவை நோக்கியது. 1975ஆம் ஆண்டு சனவரியில், அவர்களுக்காகத் தேடிக்கொண்டிருந்த கென் புரூகரும் கத்தலீனா அகுவாடோவும் மெக்சிக்கோவின் மிச்சொவாக்கான் பகுதி மலையொன்றில், 3,000 மீற்றர் உயரத்தில், மரங்களே தெரியாதபடி மொய்த்திருந்த கோடிக்கணக்கான பூச்சிகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு அர்க்கார்ட் அங்கு சென்றிருந்தபோது, பாரம் தாங்காது ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த பூச்சிகளினிடையே காகிதத் துண்டு ஒட்டிய பூச்சி ஒன்று கிடந்தது. அது அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒட்டி விடப்பட்டது. நாற்பது ஆண்டு உழைப்புக்கு இயற்கை அளித்த பற்றுச்சீட்டு என அதனைச் சொல்லலாம்.

உலகம் அப்போதுதான் அறிந்ததே தவிர, அம்மலையடிவாரத்துக் குடிமக்கள் தலைமுறை தலைமுறையாக இப்பூச்சிகளை அறிவர். நவம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைவுகூரும் நாட்களை ஒட்டி அவை வந்து சேர்வதால், மறைந்த முன்னோரின் ஆவிகளே திரும்பி வருகின்றன என்று கருதினர். காகத்துக்குச் சோறு வைக்கும் நமக்கு இந்நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது.

வழியறியும் முறை

இனி, கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். வைகாசி, ஆனி மாதங்களில் பொரிக்கும் கொக்குக் குஞ்சு, இலையுதிர் காலத்தில் தாய் தந்தையருடன் பறக்கிறது. எந்த ஆற்றங்கரையில் இரவு தங்குவது, எந்தச் சதுப்பில் இரை உண்டு, எங்கே இறங்குவது என்பவற்றைப் பெற்றோருடன் சென்றே அறிகிறது. பெரும்பாலும் ஒரே பயணம் போதும். வசந்தத்தில் திரும்பும் வழியைத் தானே அறியும். ஆனால் அந்த ஒரு பயணம் இல்லையேல் வழி இல்லை.

மன்னர் வண்ணத்துப்பூச்சிக்கு வழி காட்ட எவருமில்லை. கோடைப் பூச்சியின் வாழ்நாள் இரண்டு முதல் ஆறு வாரம். கோடையின் கடைசியில் பிறக்கும் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்து எட்டு மாதம் வரை வாழ்ந்து மெக்சிக்கோவை அடைகிறது. வசந்தத்தில் அதுவே வடக்கே திரும்பத் தொடங்கி, ரெக்சாஸ் அளவில் முட்டையிட்டு மடிகிறது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்படியாக வடக்கே வருகின்றன. ஆகவே, செப்டெம்பரில் ஒன்ராறியோவின் பொயின்ற் பீலி முனையில் திரண்டு ஈரி ஏரியைக் கடக்கும் பூச்சிகளுள் ஒன்றுகூட மெக்சிக்கோவைக் கண்டதில்லை. கண்ட முன்னோர் மாதக்கணக்கின் முன்னரே மடிந்தனர். கதிரவனின் நிலையை நோக்கியும், நேரத்துக்கேற்ப அது நகர்வதைக் கணக்கிட்டும் அவை தெற்கை அறிகின்றன. அக்கணக்குக்குரிய கடிகாரம் உணர்கொம்புகளில் இருக்கிறது என்பதை 2009இல் ஆய்வாளர் நிறுவினர்.

சுருங்கச் சொன்னால், கொக்குக்கு வழி கல்வி; வண்ணத்துப்பூச்சிக்கு வழி பிறப்புரிமை. தமிழ்ப் பள்ளியின் மலரில் இதைப் படிப்போருக்கு, மொழி எவ்வகையைச் சேர்ந்தது என்ற வினா எழுவது இயல்பு. ஐயமின்றிக் கொக்கின் வகையே. எக்குழந்தையின் உடலிலும் தமிழ் எழுதப்பட்டுப் பிறப்பதில்லை. இதற்குமேல் இவ்வொப்புமையை நீட்ட எனக்கு விருப்பமில்லை. கொக்கைக் கொக்காகவே பார்ப்போம்.

கற்பிக்க முயன்ற கதை

இரண்டு முட்டைகளுள் ஒன்றே பெரும்பாலும் குஞ்சாகிப் பிழைப்பதால், மற்றதை எடுத்துவந்து வளர்த்தால் இனம் பெருகுமே என்று கனடிய, அமெரிக்க அரசுகள் எண்ணின. 1967இலிருந்து வூட் பபலோவிலிருந்து முட்டைகள் எடுக்கப்பட்டு மேரிலாண்டில் வளர்ப்புக் கூட்டம் உருவாயிற்று. பறவைகள் பெருகின. ஆனால் அவற்றுக்கு வழி தெரியாது. வழி தெரியாத இடம்பெயர் பறவை கூண்டுக்குள் மட்டுமே பறவை.

முதல் முயற்சி 1975இல் ஐடஹோ மாநிலத்தில் நடந்தது. எண்ணிக்கையில் மிகுந்த 'சாண்ட்ஹில்' என்னும் சாம்பல் நிறக் கொக்குகளின் கூடுகளில் கூவும் கொக்கின் முட்டைகளை வைத்தனர். செவிலித் தாய்மார் குஞ்சுகளைப் பேணி வளர்த்தனர். நியூ மெக்சிக்கோ வரை வழியும் காட்டினர். வழியைக் குஞ்சுகள் குறையறக் கற்றன. ஆனால் வளர்ந்தபின் தம்மைச் சாம்பல் நிறக் கொக்காகவே கருதின. தம் இனத்தோடு சோடி சேரவில்லை. ஏறத்தாழ 290 முட்டைகள் வைத்தும் ஒரு சோடிகூட உருவாகாமல் 1989இல் திட்டம் கைவிடப்பட்டது. இயற்கை பாதுகாப்பு வரலாற்றில் இதைவிடத் துயரமான வெற்றியை நான் அறியேன். கேட்டதையெல்லாம் பறவைகள் செய்தன. வேண்டிய ஒன்று மட்டும் நடக்கவில்லை.

அடுத்த முயற்சிக்கு விதை ஒன்ராறியோவில் விழுந்தது. பில் லிஷ்மன் என்னும் சிற்பி, சிறு விமானத்தில் தான் பறக்கக் காட்டு வாத்துகள் பின்தொடருமாறு பழக்கினார். 1993இல் அவரும் யோ டஃப் என்பவரும் ஒன்ராறியோவிலிருந்து வேர்ஜினியா வரை வாத்துக் கூட்டமொன்றை அழைத்துச் சென்றனர். 1996இல் வெளியான 'ஃபிளை அவே ஹோம்' திரைப்படத்துக்கு அடிப்படை அவர் பணியே. அம்முறை 2001இல் கூவும் கொக்குக்குப் பயன்படுத்தப்பட்டது. குஞ்சுகள் மனிதரைத் தம் இனமென எண்ணிவிடாதிருக்க, வளர்ப்போர் உடல் முழுதும் வெள்ளை அங்கியால் மூடிக்கொண்டனர். கையில் கொக்கின் தலைபோன்ற பாவை வைத்து இரை ஊட்டினர். குஞ்சுகளின் அருகே ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னர் விஸ்கொன்சினிலிருந்து புளோரிடா வரை ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தூரம் சிறு விமானத்தின் பின்னே பறவைகள் சென்றன. மறுவசந்தத்தில் அவை விமானமின்றித் தாமே விஸ்கொன்சினுக்குத் திரும்பின.

இக்கூட்டத்தின் பயணங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. கூட்டம் பெரிதா சிறிதா என்பதோ, ஆணா பெண்ணா என்பதோ பயணத்தின் செம்மையைத் தீர்மானிக்கவில்லை. கூட்டத்தில் மூத்த பறவையின் வயதே தீர்மானித்தது. முதியோரின்றிப் பறந்த ஓராண்டுப் பறவைகள் நேர்வழியிலிருந்து சராசரி 97 கிலோமீற்றர் விலகின; முதியோருடன் பறந்தபோது விலகல் 64 கிலோமீற்றருக்கும் குறைந்தது.

ஆயினும் விமானப் பயணம் 2015ஆம் ஆண்டுப் பயணத்தோடு முடிவுக்கு வந்தது. வழி தவறியதால் அன்று. முட்டையிட்ட பறவைகள் குஞ்சுகளைப் போதிய அளவு வளர்த்தெடுக்கவில்லை. கடிக்கும் கரிய ஈக்களின் தொல்லையால் கூட்டை விட்டு அகன்றதும் ஒரு காரணம். அங்கியணிந்த மனிதரிடம் வளர்ந்தமையால் பெற்றோராகும் கலையைக் கற்கவில்லையோ என்பது மற்றோர் ஐயம். வழியைக் கற்பிக்க மனிதரால் இயன்றது. பெற்றோரிடமிருந்து பெறவேண்டிய பிறவற்றுக்கு அங்கி ஈடாகவில்லை. இப்போது வளர்ப்புக் குஞ்சுகளை மூத்த கொக்குகளின் அருகிலேயே விட்டு, அவற்றைப் பின்தொடரச் செய்கின்றனர். கிழக்குப் பகுதியின் இக்கூட்டம் இன்றும் நூற்றுக்கும் குறைவே.

தானே பிழைத்தது பழைய அரன்சாஸ் கூட்டம். 1916ஆம் ஆண்டின் கனடிய - அமெரிக்க உடன்படிக்கையால் வேட்டை தடுக்கப்பட்டது. 1937இல் அரன்சாஸ் சரணாலயமாயிற்று. கோடைக் கூடுகள் தேசியப் பூங்காவுக்குள் இருந்தன. வழி தெரிந்த பதினைந்து பதினாறு பறவைகள் தம் குஞ்சுகளுக்கு அதைக் காட்டின. அக்குஞ்சுகள் தம் குஞ்சுகளுக்குக் காட்டின. 1980களின் நடுப்பகுதியில் நூறைக் கடந்த கூட்டம், 2004இல் 200ஐயும் அண்மை ஆண்டுகளில் 500ஐயும் கடந்துள்ளது.

எண்ண முடியாததன் வீழ்ச்சி

கொக்கை ஒவ்வொன்றாக எண்ணலாம். வண்ணத்துப்பூச்சியை எண்ணுவதெப்படி? மெக்சிக்கோ மலைகளில் அவை மொய்த்திருக்கும் காட்டின் பரப்பை ஹெக்ரயரில் அளக்கின்றனர். 1996-97 குளிர்காலத்தில் அப்பரப்பு 18 ஹெக்ரயர். 2013-14இல் 0.67. இடையில் ஏறியும் இறங்கியும் 2018-19இல் ஆறு ஹெக்ரயரைத் தொட்டது. 2023-24இல் மீண்டும் 0.90 ஆயிற்று, அடுத்த குளிர்காலத்தில் 1.79. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகள் இடுவதால் ஒரு நல்ல கோடையில் தொகை இருமடங்காகலாம். ஒரு கெட்ட ஆண்டில் பாதியாகலாம். கொக்கின் வரைபடம் மெல்ல ஏறும் மலைப்பாதை. பூச்சியின் வரைபடம் அலை. அலையின் ஓர் ஏற்றத்தைக் கண்டு மகிழ்வதும் ஓர் இறக்கத்தைக் கண்டு அழுவதும் பயனற்றவை. முப்பது ஆண்டுகளை ஒருசேர நோக்கினால் அலைகள் பொதுவாகத் தாழ்ந்து வருவது தெரிகிறது. கனடா 2023 திசம்பரில் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப் பட்டியலிற் சேர்த்தது.

இதனை எவரும் சுடவில்லை. ஆகவே வேட்டைத் தடையால் காக்க இயலாது. அமெரிக்காவின் சோளம், சோயா விளையும் நடுநிலத்தில் பயிர் வரிசைகளுக்கிடையே பாற்செடி முளைத்துக் கிடந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து களைகொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்கள் பரவியபின், மருந்து தெளித்தால் பயிர் நின்றது, பாற்செடி நிற்கவில்லை. கொக்குக்கு ஒரு பூங்காவும் ஒரு சரணாலயமும் வேலியிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வண்ணத்துப்பூச்சியின் வீடோ கோடிக்கணக்கான வயல் வரம்புகளிலும் தெருவோரங்களிலும் தோட்டங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதற்கு வேலியிட எந்த அரசாலும் ஆகாது.

குளிர்கால இருப்பிடத்தில் மட்டும் இரண்டின் நிலையும் ஒன்றே. அரன்சாசின் கரையோரமாகவே எண்ணெயும் இரசாயனப் பொருள்களும் ஏற்றிய படகுகள் செல்லும் கால்வாய் இருக்கிறது. ஒரு விபத்துப் போதும். வறட்சியில் ஆற்றுநீர் குறைந்தால் உப்பேறி, கொக்கின் முக்கிய உணவான நீலநண்டு அருகும். மெக்சிக்கோவில் 'ஒயமெல்' என்னும் தேவதாரு வகை மரக்காடு பூச்சிகளுக்குப் போர்வையாகவும் குடையாகவும் அமைகிறது. மரங்களை வெட்டி இடைவெளி உண்டானால் மழை நனைக்கும். நனைந்த பூச்சி எளிதில் உறைந்துவிடும். 2002 சனவரியில் மழையும் உறைபனியும் அடுத்தடுத்து வந்தபோது கோடிக்கணக்கானவை தரையில் மடிந்து குவிந்தன. வெப்பம் உயர்ந்தால் அம்மரமே அம்மலையில் வாழ இயலாது போகும் என அஞ்சி, மெக்சிக்கோ அறிவியலாளர் மேலும் உயரமான சரிவுகளில் நாற்று நட்டு வருகின்றனர். ஆனால் பிறப்பிலேயே பெற்ற வழி பூச்சியைப் புதிய மலைக்கு அழைத்துச் செல்லுமா? கொக்காயின் ஒரு முதியதை அழைத்துச் சென்று கற்பிக்கலாம். பூச்சிக்குக் கற்பிக்க வழியில்லை.

பிறப்பில் வந்த வழியும் எந்நிலையிலும் கெடாதது என்று எண்ணவேண்டாம். வணிகத்துக்காகத் தலைமுறைகளாகக் கூண்டில் வளர்க்கப்பட்ட பூச்சிகள் தெற்கு நோக்கும் இயல்பை இழந்திருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021இல் வெளியான ஒன்ராறியோ ஆய்வொன்றில், வளர்த்த பூச்சிகள் சோதனைக் கருவியில் தடுமாறினும், வெளியே விட்டபின் பெரும்பாலும் தெற்கே பறந்தன. கதிரவனையும் காற்றையும் சில நாள் கண்டால் திசை மீளும்போலும்.

நம் கைக்கெட்டும் வேலை

கொக்குக்காக நம்மிற் பெரும்பாலோர் நேரே செய்யக்கூடியது மிகச் சிறிது. வண்ணத்துப்பூச்சிக்கு அப்படியன்று. ஒன்ராறியோவில் பாற்செடி நெடுங்காலம் சட்டப்படி அழிக்கவேண்டிய களைப் பட்டியலில் இருந்தது. 2014இல் அது நீக்கப்பட்டது. அதே பட்டியலில் அப்போது சேர்க்கப்பட்டது, 'டோக் ஸ்ட்ராங்ளிங் வைன்' என்னும் ஐரோப்பியக் கொடி. ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளில் அது மண்டிக் கிடக்கிறது. பாற்செடியின் குடும்பத்ததாகையால் பெண்பூச்சி ஏமாந்து அதில் முட்டையிடும். பொரிக்கும் புழுக்கள் இறந்துவிடும். அக்கொடி வேலியில் படர்ந்திருந்தால் வேரோடு களைதல் நலம்.

தோட்டத்தில் நடுவதற்கு இங்கேயே இயல்பாக வளரும் மூன்று வகைகள் உகந்தவை: வெயிலில் பரந்து வளரும் பொதுப் பாற்செடி, ஈரமண்ணை விரும்பும் சதுப்புப் பாற்செடி, செம்மஞ்சள் பூப்பூக்கும் குறும்பாற்செடி. முதல்வகை வேர்வழியே பரவும். சிறு தோட்டத்துக்குப் பின்னிரண்டே ஏற்றவை. விதையை வசந்தத்தில் வாங்கி உடனே விதைத்தால் பெரும்பாலும் முளைக்காது. பனிக்காலக் குளிரை அது ஒருமுறை உணரவேண்டும். ஆதலின் ஒக்டோபர் இறுதியில் மண்ணில் தூவிவிட்டு விடுவதே எளிது. செடியை வெட்டும்போது பால் கண்ணிற் படாது பார்த்துக்கொள்க. யூன் பிற்பகுதியிலிருந்து இலையின் அடிப்புறத்தைப் பிள்ளைகளுடன் பாருங்கள்: ஊசித்தலையளவு வெண்முட்டை, பின்னர் கருமை, மஞ்சள், வெண்மை வரிகளுடைய புழு. இலை ஓட்டையாவதைக் கண்டு மருந்தடிக்க வேண்டாம். செடி நட்டது அதற்காகவே. ஆகஸ்டின் பிற்பகுதியில் கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சி சிறகு உலர்ந்ததும் தேன் தேடும்; அதற்குக் கோல்டன்ரொட், ஆஸ்டர் போன்ற பின்கோடைப் பூக்கள் வேண்டும். அவ்வாறு வெளிவந்தது அடுத்த சில நாட்களில் தோட்டத்தில் காணப்படாவிட்டால், தேட வேண்டியதில்லை. அது புறப்பட்டுவிட்டது.